வளைவில் வாங்கும் மூச்சு

பிப்ரவரி 6

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் நலம், உன் மருமகள் நலம், அத்தையும் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்பதை மட்டும் நாங்களாகவே ஊகித்துக்கொள்கிறோம். சுரங்கத்தில் போன் எடுக்காது என்றாய், சரி. பதினைந்து நாளுக்கு ஒருமுறை சாமான் வண்டியில் தபால் வரும் என்றும் நீதானே சொன்னாய்? அதில் ஒரு வரி போட்டு அனுப்பக் கூடவா கை வலிக்கிறது? இரண்டு வருஷம் ஆகப் போகிறது. அவருடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே பெட்டியைத் தூக்கினவன்தான்.

சரி, சண்டை போட எழுதவில்லை. அவர் ஓட்டிய லாரி விஷயம். நீ மெக்கானிக், நான் இப்போது டிரைவர். அந்த முறையில் கேட்கிறேன்.

மூன்று வாரமாக வண்டி தண்ணீர்த் தொட்டி வளைவில் நிற்கப் பார்க்கிறது. ஆமாம், அதே வளைவுதான். சமதரையில் ஒரு குறையும் இல்லை, காலியாகப் போனால் மேட்டிலும் ஏறிவிடுகிறது. சிமெண்டு ஏற்றிக்கொண்டு மூன்றாவது கியரில் மிதித்தால்தான் வம்பு. முதலில் ஒரு மூச்சு கேட்கும். கேபினுக்குப் பின்னால், என் தோளுக்குப் பக்கத்தில், யாரோ ஆழமாக இழுப்பது போல. அதற்கப்புறம் இழுவை போய்விடும். எவ்வளவு மிதித்தாலும் அசையாது. இரண்டு தடவை அணைந்தே போனது. சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்புகிறது.

நான் இறங்கிப் பார்க்கவில்லை. வேறு எந்த இடமாக இருந்தாலும் இறங்கியிருப்பேன்.

உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? வண்டி நிற்கவில்லை, அவர் நிறுத்துகிறார் என்றுதான் எனக்குப் படுகிறது. அன்று காலை நடந்ததை உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. என் மூக்குக் கண்ணாடியைக் காலால் மிதித்து உடைத்துவிட்டு, "தரையில வெச்சா மிதிபடாம என்ன செய்யும்?" என்றார். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் கோபம். "எங்கயாவது போய்த் தொலைங்க, திரும்பி வராதீங்க" என்றேன். வாசலில் நின்று, தெருவே கேட்க. அவர் வண்டியை எடுத்தார். அப்புறம் அந்த உடைந்த கண்ணாடியைக் கூடத் தேடினேன், கிடைக்கவில்லை.

எந்த டிரைவரும் நிறுத்தாத வளைவில் வண்டியை நிறுத்தி, சாலைப் பக்கம் இறங்கி நின்றார். எதிரே வந்த பஸ்காரன் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்தது. வண்டியில் ஒரு கோளாறும் இல்லை என்று போலீஸ் எழுதிவிட்டது. அப்படியானால் எதற்காக இறங்கினார்? மகனைப் பறிகொடுத்த அத்தை வாய் திறந்து சொல்வதில்லை, ஆனால் அன்றிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. சாப்பாடு வேண்டும் என்றால் கூட உன் மருமகளிடம் சொல்லி அனுப்புகிறாள்.

கடைசியாக அவர் போனில் பேசியது உன்னோடு. "சரியாக் கேக்கலக்கா, பாதியில கட் ஆயிடுச்சு" என்றாய். என் மனசு நோகக் கூடாது என்று எதையாவது மறைக்கிறாயா? என்னைப் பற்றி என்ன சொல்லியிருந்தாலும் பரவாயில்லை, சொல்லிவிடு. தெரியாமல் இருப்பதுதான் தாங்கவில்லை.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. பொங்கலுக்கு ஷெட்டைச் சுத்தம் செய்தபோது பரணில் பழைய டயர்களுக்குப் பின்னால் சாக்கில் சுற்றி ஒரு காற்றுக் குழாய் கிடைத்தது, பெரிய ஏர் பில்டரோடு. என்ஜினுக்கு நிறையக் காற்று போனால் இழுவை கூடும் என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பாரே, அதற்காக வாங்கி வைத்து மாட்டாமலே போய்விட்டார் போல. மேலெல்லாம் கிரீஸ் கறை. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துப் பளபளவென்று ஆக்கினேன். டயர் கடைக்காரர் அன்றைக்கே அரை மணியில் மாட்டிக் கொடுத்தார். அவர் ஆசைப்பட்டதாவது வண்டியில் இருக்கட்டும்.

அடுத்த சாமான் வண்டியில் பதில் வர வேண்டும். வராவிட்டால் நானே சுரங்கத்துக்கு லோடு ஏற்றிக்கொண்டு வந்துவிடுவேன், தெரியும் இல்லையா என்னை.

உன் அக்கா

பிப்ரவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

திட்டு எல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்தது. இங்கே ஒவ்வொரு டயரும் என்னை விட உயரம், வேலை முடிந்து படுத்தால் பேனா பிடிக்கக் கை வளையாது. மருமகளிடம் மாமா கேட்டதாகச் சொல்.

வண்டிக்கு வருகிறேன். டீசலில் தண்ணீர் கலந்திருக்கும். டீசல் பில்டரை மாற்று. டேங்கின் அடியிலிருக்கும் திருகைத் திறந்து ஒரு லிட்டர் வடித்துப் பார். காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவுக்குப் போகும் ரப்பர் குழாயில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்.

அதற்கெல்லாம் முன்னால் அந்தக் குழாயைக் கழற்றிவிடு. எல்லாக் குழாயும் எல்லா வண்டிக்கும் ஒத்து வராது. பழசையே மாட்டு. முதலில் அதைச் செய், மற்றதெல்லாம் அப்புறம்.

நடக்கிற கதையா அக்கா, அத்தான் எதற்கு உன்னை நிறுத்தப் போகிறார்? மனசு போட்டுப் படுத்துகிறது, அவ்வளவுதான். கொஞ்ச நாள் அந்தச் சாலை வேண்டாம். சமதரை லோடு மட்டும் எடு. வண்டியை விற்றுவிட்டாலும் நல்லதுதான், யோசி.

போன் விஷயம் அப்போது சொன்னதுதான். ஒன்றும் கேட்கவில்லை.

அன்புடன்
தம்பி

மார்ச் 11

அன்புத் தம்பிக்கு,

நீ சொன்னபடி டீசல் பில்டரை மாற்றினேன். டேங்கில் வடித்துப் பார்த்தேன், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ரப்பர் குழாயிலும் விரிசல் இல்லை. அந்தப் பெரிய குழாயைக் கழற்றச் சொன்னாய், அதை மட்டும் செய்யவில்லை, கோபித்துக்கொள்ளாதே. அவர் ஆசையாக வாங்கி வைத்ததைக் கழற்றிக் குப்பையில் போட எனக்குக் கை வராது. வண்டியை விற்கும் பேச்சை இனி எடுக்காதே. இந்த வண்டி இல்லாவிட்டால் எனக்கும் அத்தைக்கும் நடுவில் சுவர் மட்டும்தான் இருக்கும்.

இங்கே ஒரு எலக்ட்ரீஷியன் கிடைத்தான். சின்ன டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டே பேசுவான், அதனால் எல்லோருக்கும் மின்மினி. வண்டியைச் சுற்றி வந்து, கோளாறைப் படித்துச் சொல்லும் ஸ்கேனரைச் செருகினான்.

"டிரைவரம்மா, உங்க வண்டிக்குப் பேயும் பிடிக்கல, பிசாசும் பிடிக்கல. காத்து அளக்குற சென்சார் தப்புக் கணக்கு சொல்லுது" என்றான்.

"அது எதுக்குடா காத்தை அளக்கணும்?"

"எவ்வளவு காத்து வருதுன்னு தெரிஞ்சாத்தானே கம்ப்யூட்டர் அதுக்கேத்த டீசல் விடும்? காத்து கம்மின்னு சென்சார் சொன்னா, டீசலையும் கம்மி பண்ணிடும். அப்புறம் மேட்டுல எப்படி இழுக்கும்?"

கழற்றிக் காட்டினான். உனக்குத் தெரியாததா, எனக்குத்தான் புதுசு. விரல் நீளம்தான் இருக்கிறது. அதன் வாய்க்குள் தலைமுடி மாதிரி ஒரு கம்பி. அது எப்போதும் சூடாக இருக்குமாம், காற்று வந்து ஆற்ற ஆற்ற, எவ்வளவு ஆறுகிறது என்று வைத்து அளக்குமாம். பில்டர் எண்ணெய் அதில் படிந்திருந்தது. ஸ்பிரே அடித்துக் கழுவினான். முழு மிதியில் அறுநூறு காட்ட வேண்டிய இடத்தில் முந்நூற்று அறுபது காட்டியதாம், மணிக்கு இத்தனை கிலோ காற்று என்று கணக்கு. கழுவியதும் முந்நூற்றுத் தொண்ணூறு. அதற்கு மேல் ஏறவே இல்லை. மின்மினி தலையைச் சொறிந்தான்.

"ஒண்ணு பண்ணுவோம். பிளக்கையே பிடுங்கிட்டு ஓட்டிப் பாருங்க. சென்சார் இல்லேன்னா கம்ப்யூட்டர் தானா ஒரு கணக்குப் போட்டுக்கும். லைட் எரியும், பயப்படாதீங்க."

பிடுங்கிவிட்டு, சிமெண்டோடு ஏறினேன். என்ஜின் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. வண்டி நிற்கவில்லை. தண்ணீர்த் தொட்டி வளைவை மூன்றாவது கியரிலேயே தாண்டினேன்.

மின்மினி கை தட்டினான். நான் சிரித்து வைத்தேன். ஆனால் வீட்டுக்கு வந்து கை கால் கழுவும்போது அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அப்படியானால் அவர் அங்கே இல்லையா? ஆறு வாரமாக அந்த வளைவில் வண்டி மூச்சு வாங்கும்போதெல்லாம் நான் என்ன செய்தேன் தெரியுமா? மன்னிப்புக் கேட்டேன். "தெரியாமச் சொல்லிட்டேங்க, தெரியாமச் சொல்லிட்டேன்" என்று ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சொல்வேன். அவர் கேட்கிறார் என்று நினைத்தேன்.

உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். மறுநாள் காலையில் நானே அந்த பிளக்கைத் திரும்பச் செருகிவிட்டேன். வளைவில் வண்டி நின்றது. கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இப்போதெல்லாம் வாரத்தில் இரண்டு நாள் அப்படித்தான் போகிறேன். பைத்தியம் என்று சொல்வாய், சொல்லிக்கொள். நேற்று இறங்கிப் பார்க்கலாமா என்று கூடத் தோன்றியது. அவர் நின்ற இடத்தில் ஒருமுறை நிற்க வேண்டும் போல இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

மார்ச் 26

அக்கா,

உன் கடிதம் இன்று வந்தது. சாமான் வண்டி திரும்புவதற்கு ஒரு மணி நேரம்தான் இருக்கிறது, ஓட்டுநரை நிறுத்தி வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

உன் காலில் விழுகிறேன். அந்த பிளக்கைப் பிடுங்கிவிடு. இதைப் படித்த அடுத்த நிமிஷம். அந்தக் குழாயோடு லோடு ஏற்றிக்கொண்டு வளைவுக்குப் போகாதே. நின்றுவிட்டால் இறங்காதே. இறங்கத்தான் தோன்றும், பிளக் கைக்கெட்டும் தூரத்தில்தானே என்று தோன்றும். இறங்காதே. அந்த வளைவில் எதிரே வருகிறவனுக்கு உன்னைத் தெரியவே தெரியாது. கேபினிலேயே உட்கார், விளக்கைப் போடு, சாவியைத் திருப்பி முதல் கியரில் மேலே ஏற்று.

கழுவினாலும் சரியாகாது. சென்சார் கெடவில்லை. பழைய குழாய் மூன்றேகால் அங்குலம், இது நாலு அங்குலம். குழாய் அகலமானால் அதே காற்று மெதுவாகப் போகும். அந்தக் கம்பி அதைப் பார்த்துவிட்டுக் காற்றே குறைவு என்று சொல்லும். பெரிய குழாய் போட்டால், குழாய் மாறிவிட்டது என்று கம்ப்யூட்டருக்கும் சொல்லித் தர வேண்டும். சொல்லாமல் விட்டால் எத்தனை தடவை கழுவினாலும் நானூறைத் தாண்டாது. மின்மினியிடம் இதை அப்படியே படித்துக் காட்டு. பழைய குழாயை மாட்டினால் போதும், சரியாகிவிடும்.

அத்தான் அங்கே இல்லை அக்கா. அத்தான் உன்னைக் கூப்பிடவில்லை. தயவுசெய்து.

தம்பி

ஏப்ரல் 9

தம்பிக்கு,

பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். குழாயையும் கழற்றியாயிற்று. இனி அந்தப் பயம் உனக்கு வேண்டாம்.

நீ எழுதியதை மின்மினியிடம் படித்துக் காட்டினேன். "அடேயப்பா, உங்க தம்பி பார்க்காமலே இவ்வளவு கரெக்டாச் சொல்றாரே!" என்றான். டேப்பை எடுத்து அளந்தான். நாலு அங்குலம். எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் உனக்கு அளவு எழுதவே இல்லையே? பெரிய குழாய் என்றுதானே எழுதினேன்?

குழாயைக் கழற்றிப் பெஞ்சில் கவிழ்த்துப் போட்டோம். "இது புதுசில்லையே, ஏற்கெனவே மாட்டிக் கழட்டினதாச்சே" என்றான் மின்மினி. கிளாம்ப் இறுக்கின தடம் ரப்பரில் இரண்டு இடத்தில் இருந்தது, ஒன்று டயர் கடைக்காரர் இறுக்கினது, இன்னொன்று பழசு. அடிப்பக்கம், என் துணி எட்டாத இடத்தில், திருகின் தலைமேல் ஒரு மஞ்சள் பெயிண்ட் கோடு. பக்கத்தில் அதே மஞ்சளில் ஒரு எண். 186412.

நீ எந்தச் சாமானை மாட்டினாலும் அப்படித்தான் செய்வாய். திருகை இறுக்கினதும் ஒரு கோடு, அன்றைக்கு மீட்டரில் இருக்கிற கிலோமீட்டரை எழுதி வைப்பது. "என் கையெழுத்துக்கா இது" என்று எத்தனை தடவை பீற்றிக்கொண்டிருக்கிறாய்! இரண்டு எழுதும்போதும் நாலு எழுதும்போதும் நீ போடும் கொக்கி எனக்குத் தெரியாதா? உனக்கு எண் எழுதச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

பெட்டியிலிருந்து போலீஸ் அறிக்கையை எடுத்தேன். இரண்டு வருஷமாக நான் தொடாத காகிதம். வண்டியின் மீட்டர் 186790 என்று எழுதியிருக்கிறது. முந்நூற்று எழுபத்தெட்டு கிலோமீட்டர். அவருக்கு அது மூன்று நாள் ஓட்டம். அதே காகிதத்தில், மாற்றங்கள் ஏதும் இல்லை, கம்பெனிக் குழாய்தான் இருந்தது என்றும் எழுதியிருக்கிறது. வளைவிலிருந்து வண்டியை ஸ்டேஷனுக்கு ஓட்டி வந்தது நீ.

ஒரே ஒரு கேள்வி. அன்று அந்தக் குழாய் வண்டியில் இருந்ததா?

ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்று போதும். நான் சொன்ன சொல்லைக் கேட்டு அவர் போய் நின்றார் என்று இரண்டு வருஷமாக நம்பிக்கொண்டிருக்கிறேன். இந்த வாயால்தான் போனார் என்று சாப்பிடும்போது கூட நினைப்பு வரும். நீ இங்கே இருந்த பதினேழு நாளும் நான் அப்படி அழுததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாய்.

அக்கா

ஏப்ரல் 24

அக்காவுக்கு,

ஆமாம். இருந்தது.

இரண்டு வருஷமாக எழுதிக் கிழித்த கடிதத்தை இப்போது எழுதுகிறேன். முழுசாகச் சொல்லிவிடுகிறேன், நடுவில் நிறுத்தினால் மறுபடி எழுத மாட்டேன்.

பெரிய மாடல் வண்டியிலிருந்து கழற்றிய குழாய் அது. நான்தான் அத்தானுக்குக் கொண்டு வந்தேன். "அத்தான், இனிமே மேட்டுல பறக்கும் பாருங்க" என்று சொல்லி ஞாயிற்றுக்கிழமை என் கடையில் வைத்து மாட்டினேன். பழைய சென்சாரை இதில் செருகினேன். கம்ப்யூட்டருக்குக் கணக்கு மாற்ற வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதற்கான லேப்டாப்காரன் அடுத்த வாரம்தான் வருவான். அதுவரை லோடு ஏற்றாதீர்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பரிசு கொடுத்த சந்தோஷத்தில், பாதி வேலைதான் முடிந்திருக்கிறது என்று சொல்ல மனசு வரவில்லை.

புதன்கிழமை பத்தே முக்காலுக்குப் போன் வந்தது. நான் வேறொரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன். எல்லாம் கேட்டது அக்கா, ஒவ்வொரு எழுத்தும் கேட்டது.

"மச்சான், உன் பரிசு மூச்சு வாங்குதுடா. தொட்டி வளைவுல நிக்குது."

"ஒண்ணுமில்ல அத்தான், சென்சார் தப்பாக் கணக்குப் போடுது. இறங்கி அந்த பிளக்கைப் பிடுங்கிட்டு ஓட்டுங்க. லைட் எரியும், கண்டுக்காதீங்க."

"வளைவுலயாடா? இப்படியே உருட்டி மேல கொண்டு போயிட்டு..."

"ரெண்டு நிமிஷ வேலை அத்தான். இறங்குங்க."

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. நான் எழுந்து கூட உட்காரவில்லை. படுத்தபடியே ஒரு நட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். "பிடுங்கிட்டேன்" என்றார். அப்புறம் உன்னைப் பற்றிப் பேசினார்.

"உங்க அக்கா இன்னைக்குப் போய்த் தொலைங்கன்னு வழியனுப்பி வெச்சிருக்கா. கண்ணாடிய மிதிச்சுட்டேன்டா. எடுத்துக்கிட்டு வந்துட்டேன், சாயங்காலம் சரி பண்ணிக் கொண்டு போய் மூக்குல மாட்டிவிட்டா சிரிச்சிடுவா."

அவ்வளவுதான். அதற்கப்புறம் ஒரு சத்தம்.

ஸ்டேஷனுக்கு வண்டியை எடுத்து வரச் சொன்னார்கள். வழியில் கடையில் நிறுத்தி, பழைய குழாயை மாட்டி, பிளக்கைச் செருகினேன். பெரியதை எறிந்துவிடத்தான் எடுத்தேன். அதன்மேல் அத்தானின் கை அச்சு இருந்தது. கிரீஸில் ஐந்து விரலும் பதிந்து, பிளக் பக்கத்தில். அதைத் தொட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறார். எறிய முடியவில்லை. என் கடையில் வைக்கவும் பயம். உன் பரணில் கொண்டு வந்து ஒளித்தேன். நீ அழுதுகொண்டிருந்த வீட்டில், உன் தலைக்கு மேல்.

கண்ணாடி டேஷ்போர்டில் இருந்தது. இதோடு வைத்திருக்கிறேன்.

நீ உன்னைத் திட்டிக்கொண்டு அழும்போதெல்லாம் வாய்வரை வந்தது. அத்தான் கடைசியாகச் சொன்னதைச் சொன்னால், அதற்கு முன்னால் நான் சொன்னதையும் சொல்ல வேண்டி வரும். அதற்குப் பயந்து உன்னை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தேன். இங்கே தினமும் யாராவது ஒருத்தரிடம் "இறங்கு" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்ல முடியாமல் நானே இறங்குகிறேன். வேலை தெரிந்தவன் என்று நினைக்கிறார்கள்.

என்ன தண்டனை சொன்னாலும் சரி.

தம்பி

ஜூன் 2

தம்பிக்கு,

உடனே பதில் எழுதக் கூடாது என்று காத்திருந்தேன். கோபத்தில் நான் பேசும் பேச்சு என்ன செய்யும் என்று பயந்தே பழகிவிட்டது. இப்போது அந்தப் பயம் இல்லை, அதற்கு உனக்கு நன்றி சொல்வதா உன்னை அறைவதா என்று தெரியவில்லை.

கண்ணாடி வந்தது. ஒரு காது இல்லை, ஒரு பக்கம் விரிசல். நூல் கட்டிப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அந்தக் கை அச்சை நான்தான் துடைத்தேன், தெரியுமா உனக்கு? மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்துத் தேய்த்து, வாயில் பாட்டு வேறு. நீ ஒரு வரி சொல்லியிருந்தால் அது இன்னும் இருந்திருக்கும்.

வண்டி வேலை முடிந்தது. அந்தக் குழாயையே திரும்ப மாட்டினோம். ஆச்சரியப்படாதே. மின்மினி அந்த அகலத்துக்கென்றே உள்ள புது சென்சார் வாங்கி வந்தான். லேப்டாப்காரன் அரை நாள் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் கணக்கை மாற்றினான். முதலில் காலியாக, அப்புறம் பாதி லோடு, அப்புறம் முழு லோடு என்று ஓட்டிப் பார்த்த பிறகுதான் சாவியைக் கொடுத்தார்கள். முழு மிதியில் அறுநூற்றுப் பத்து காட்டுகிறது. நீ கொடுத்த பரிசு நல்ல பரிசுதான். அவருக்குப் பிடித்துத்தான் இருந்திருக்கும். நீ வேலையைப் பாதியில் விட்டாய், அதுதான்.

திங்கட்கிழமை சிமெண்டோடு வளைவில் ஏறினேன். மூச்சு கேட்டது, அகலக் குழாய் அப்படித்தான் காற்றை இழுக்குமாம். வண்டி நிற்கவில்லை. மேலே போய், அகலமான இடமாகப் பார்த்து ஓரங்கட்டி இறங்கி, அந்த வளைவைத் திரும்பிப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை. நிம்மதியாக இருக்க வேண்டும் என்று தெரிகிறது. எனக்கு மறுபடி ஒருமுறை தாலி அறுத்தது போலத்தான் இருந்தது.

குழாயை மாட்டினதை மன்னிக்கிறேன். "இறங்குங்க" என்று சொன்னதையும் மன்னிக்கிறேன், அது யாருக்கும் நடக்கும். மின்மினியும் எனக்கு அதே பிளக்கைத்தான் பிடுங்கச் சொன்னான். ஆனால் அவர் எனக்கென்று விட்டுப்போன கடைசி வார்த்தையை இரண்டு வருஷம் நீ உன் பெட்டியில் பூட்டி வைத்திருந்தாய். பக்கத்தில் உட்கார்ந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தாய், அதைக் கொடுக்கவில்லை. இதை எப்படி மன்னிப்பது என்று யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டேன். எனக்குத் தெரியவில்லை.

உன் கடிதத்தை அத்தைக்குப் படித்துக் காட்டினேன், ஒரு வரி விடாமல். முடிக்கும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள். உன் மருமகளை அழைக்கவில்லை, என்னிடமே கேட்டாள்.

"மூக்குல மாட்டிவிட்டா சிரிச்சிடுவான்னு சொன்னானே, அதைச் சிரிச்சுக்கிட்டே சொன்னானா? உன் தம்பிகிட்ட கேளு."

எனக்கும் அது தெரிய வேண்டும். அதற்கு மட்டும் பதில் எழுது. நல்லதுக்காக ஒரு பொய் சொல்லலாம் என்று தோன்றினால் எழுதவே எழுதாதே. உண்மை என்றால் எழுது. அதற்கப்புறம் கடிதம் வேண்டாம். என்றைக்காவது எனக்கு முடிந்தால் நானே எழுதுகிறேன். காத்திருக்காதே.

அக்கா

ஜூன் 17

அக்காவுக்கு,

சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதுதான்.

தம்பி